பீடத்துக்கு மேலே சூளைக்காரர் கூரை

எங்கள் மாதா கோயிலுக்கு மாற்றலாகி வரும் சாமியார்கள் எல்லாரும் முதல் மழை முடிந்ததும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "இந்த ஓட்டுக் கூரையைப் பிரிச்சுப் போட்டுட்டு சிமெண்ட் தளம் போட்டா என்ன?" அப்படிக் கேட்டவர்களில் ஒருவர்கூட அதைச் செய்துவிட்டுப் போனதில்லை. ஊர் விடாது. ஏன் விடாது என்று கேட்டால் ஆளாளுக்கு மூச்சுவிடாமல் பேசுவார்கள், நானும் பேசுவேன். இத்தனைக்கும் நான் இந்த ஊர்க்காரி இல்லை, கல்யாணமாகி வந்தவள். கோயிலுக்கு எதிரே தையல் கடை வைத்திருக்கிறேன். வாசலோரம் மிஷினில் உட்கார்ந்தால் கோயில் கதவு, மணிக்கூண்டு, கூரையின் ஒரு பக்கம் எல்லாம் கண்ணுக்கு நேராக இருக்கும். எனக்குத் தெரியாமல் இங்கே யாரும் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குக்கூடப் போக முடியாது.

கூரையின் கதை இதுதான். முதல் சாமியார் வந்தபோது இங்கே ஆற்றங்கரையில் மண் பிசைந்து செங்கலும் ஓடும் சுடும் குடும்பங்கள் மட்டும்தான் இருந்தன. பூசை மரத்தடியில். எங்கெங்கோ அலைந்து, கெஞ்சி, மிஞ்சி, சுவரை எழுப்பிவிட்டார் அந்தச் சாமியார். கூரை என்று வந்ததும் எல்லாம் நின்றுபோனது. மனுஷர் லேசுப்பட்டவர் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் அந்த மொட்டைச் சுவர்களுக்கு நடுவே நிற்கவைத்து, சுவருக்குச் சுவர் கயிறு கட்டி, மேலே கட்டம் கட்டமாகப் பிரித்து, "இது உன் வீட்டுக்கு, இது உன் வீட்டுக்கு" என்று குடும்பத்துக்கு ஒரு துண்டு வானத்தை எழுதிவைத்த மாதிரிக் கொடுத்தார். அந்தத் துண்டை அந்த வீட்டார்தான் மூட வேண்டும். அவர்கள் வீட்டு ஆள்தான் மேலே ஏற வேண்டும். ஒழுகினால் அவர்களே பார்த்துக்கொள்ள வேண்டும். அடுத்தவர் கை அதில் படக் கூடாது.

அன்று பிடித்த பிடியை ஊர் இன்னும் விடவில்லை. மணிக்கூண்டில் நின்று பார்த்தால் கூரை ஒட்டுப்போட்ட போர்வை மாதிரித் தெரியும். ஒரு துண்டு நல்ல சிவப்பு, பக்கத்துத் துண்டு கறுத்துப்போன சிவப்பு, இன்னொன்றில் பாசி. யார் வீடு சுறுசுறுப்பு, யார் வீடு சோம்பேறி என்பது முதல் மழையிலேயே வெட்டவெளிச்சமாகிவிடும். "நேத்து உங்க வீடு என் தோள்ல சொட்டுச்சு" என்று பூசை முடிந்து வாசலில் ஒருவர் சொன்னால் போதும், கேட்டவர் முகம் சுண்டிப்போகும். மறுநாளே ஏணி வந்துவிடும். என் வீட்டுத் துண்டு பாடகர் குழுவுக்கு மேலே இருக்கிறது. நான் வந்த புதிதில் அது ஒழுகி, ஆர்மோனியத்துக்குள் தண்ணீர் இறங்கி, ரொம்ப நாளைக்கு அது வாத்து மாதிரிக் கத்திக்கொண்டிருந்தது. அந்த மானக்கேட்டுக்குப் பிறகு மழைக்காலம் வரும் முன்பே என் வீட்டுக்காரரை நானே பிடித்து மேலே ஏற்றிவிடுகிறேன்.

அடுத்த வீட்டுத் துண்டில் கை வைக்க ஒரே ஒரு சந்தர்ப்பம்தான் உண்டு. ஒரு வீட்டில் கடைசி ஆளும் கண்ணை மூடிவிட்டால், அடக்கம் முடிந்த கையோடு பக்கத்துத் துண்டுக்காரர் மேலே ஏறி அங்கே ஓடு மாற்றுவார். அந்தக் குடும்பம் முடிந்துவிட்டது, இனி அது இவர் பொறுப்பு என்று அர்த்தம். அதைப் பார்த்துக்கொண்டு கீழே நிற்பவர்களுக்கு, குழியில் மண் போட்டபோது வராத அழுகை அப்போது வந்துவிடும்.

இந்த ஒரு விஷயத்தில்தான் எங்கள் உபதேசியார் வசமாக மாட்டிக்கொண்டார்.

சாமியார் இல்லாத நாளில் செபம் நடத்துவதும், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பதும் உபதேசியார் வேலை. தங்கமான மனுஷர். ஒரே ஒரு வியாதி, எது கோணலாக இருந்தாலும் பொறுக்காது. பீடத்தில் மெழுகுவர்த்தி லேசாகச் சாய்ந்திருந்தால் சாமியார் பிரசங்கம் பண்ணிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய் நிமிர்த்திவிட்டு வருவார். அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அக்கா பிறந்தது ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சூளை வீட்டில். இன்றைக்கு ஊருக்கெல்லாம் ஓடு சுட்டுக் கொடுப்பது அந்தச் சூளைதான். நடத்துவது அக்காவின் தம்பி. சூளைக்காரர் என்றால்தான் ஊருக்குத் தெரியும். சூளை வீட்டுத் துண்டு பீடத்துப் படிக்கு நேர் மேலே இருக்கிறது. அதற்கு ஒட்டினாற்போல உபதேசியார் துண்டு.

அக்காவின் மகள் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்குவதற்கு முந்தின நாள் பேய்மழை. சூளை வீட்டுத் துண்டில் மூன்று ஓடு சரிந்துவிட்டது. சூளைக்காரர் விறகு வாங்க வெளியூர் போயிருந்தார். பிள்ளைகள் வெள்ளை உடுப்போடு வந்து நிற்கப்போகும் இடத்தில் தண்ணீர் கொட்டுகிறது. உபதேசியாருக்கு இருப்புக்கொள்ளவில்லை. யாரையும் கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. விடிந்ததும் விடியாததுமாக ஏணியைச் சாத்தி ஏறி மூன்று ஓடுகளையும் மாற்றிவிட்டார். புதுநன்மை அமர்க்களமாக நடந்தது. அந்தச் சின்னப் பெண்ணின் வெள்ளை உடுப்பைத் தைத்தவள் நான்தான், அதில் ஒரு பொட்டுத் தண்ணீர் படவில்லை.

சாயங்காலம் ஊர் திரும்பிய சூளைக்காரர் நேராகக் கோயிலுக்கு வந்தார். கையில் மருமகளுக்கு வாங்கி வந்த பொம்மை. மேலே பார்த்தார். "எங்க வீட்ல யாரு செத்துட்டா?" என்று கேட்டார்.

எல்லாரும் ஏதோ வேடிக்கையாகக் கேட்கிறார் என்றுதான் நினைத்தோம். உபதேசியாரும் அப்படி நினைத்துச் சிரித்துவிட்டார். "நல்லது செஞ்சா சந்தோஷப்படு மாப்ள" என்றும் சொல்லிவிட்டார். அந்தச் சிரிப்புதான் வினை. சூளைக்காரர் பொம்மையைக் கடைசி பெஞ்சில் வைத்துவிட்டுப் போனவர்தான், அதற்கப்புறம் இந்தக் கோயில் வாசலை மிதிக்கவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறு கோயிலுக்குப் போய்விட்டார். கூரையையும் தொடவில்லை. ஊருக்கெல்லாம் ஓடு சுடுகிற மனுஷர் வீட்டுத் துண்டு மட்டும் வருஷா வருஷம் பிளந்துகொண்டே போனது. பீடத்துப் படியில் ஒரு வாளி நிரந்தரமாக வந்து உட்கார்ந்தது. யாராவது போய்ச் சொன்னால், "ஒழுகட்டும். நான் வரலேன்னாலும் என் தண்ணி பூசைக்கு வருதுல்ல" என்பார்.

அக்காவோடு அவருக்குப் பேச்சு உண்டு. மச்சானோடுதான் இல்லை. அக்கா வாரம் தவறாமல் தூக்குப்பாத்திரத்தில் வறுத்த மீனும் சோறும் எடுத்துக்கொண்டு பாலம் தாண்டிப் போவார். கோயில் பேச்சை எடுத்தால் மட்டும் தம்பிக்குத் திடீரென்று காது கேட்காது. இந்தப் பக்கம் உபதேசியாரிடம் கேட்டால், "நல்லது செஞ்சதுக்கு நான் எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்?" அந்தப் பக்கம் தம்பியிடம் கேட்டால், "மச்சான் வரட்டும், வந்து கேக்கட்டும்." நடுவில் அக்கா, தூக்குப்பாத்திரத்தோடு. பிள்ளைகளுக்கு மன்னிப்பைப் பற்றி மாய்ந்து மாய்ந்து சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் வீட்டு நிலவரம் இது. எனக்கு வாய் துறுதுறுவென்று வரும், அக்கா முகத்துக்காக அடக்கிக்கொள்வேன்.

பொம்மைக்குச் சொந்தக்காரி வளர்ந்து, படித்து, ஆஸ்பத்திரியில் நர்ஸாகி, அங்கேயே வேலை பார்க்கும் ஒரு பையனைப் பிடித்துப்போய், கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. சனிக்கிழமை காலை பூசையில் கல்யாணம். அந்த வாரம் திங்கட்கிழமை மாப்பிள்ளையின் அம்மா கோயிலைப் பார்க்க வந்தார். பள்ளிக்கூட டீச்சர், மரியாதையான மனுஷி. மாப்பிள்ளையும் பெண்ணும் எங்கே நிற்பார்கள் என்று கேட்டுக்கொண்டே பீடத்துப் படிக்கு வந்தார். வெளியே மழை அப்போதுதான் நின்றிருந்தது. ஓட்டில் தேங்கியிருந்த தண்ணீர் எல்லாம் சேர்ந்து, வாளியை விட்டுவிட்டு, சரியாக அவர் உச்சந்தலையில் கொட்டியது.

கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே அவர் அக்காவிடம் சொன்னார்: "தப்பா நினைக்காதீங்க சம்பந்தி. கல்யாணத்தை எங்க ஊர்க் கோயில்ல வெச்சுக்கலாமே. புதுக் கட்டடம். இங்க இருந்து எல்லாரையும் வேன் வெச்சுக் கூட்டிட்டுப் போயிடலாம்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்றோங்க" என்றார் அக்கா. சிரித்த முகம் சிரித்தபடியே இருந்தது. உள்ளே என்ன ஓடியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அக்காவுக்கு ஞானஸ்நானம் இங்கே, கல்யாணம் இங்கே, அப்பா அம்மா அடக்கம் இங்கே. ஒரே மகள் கல்யாணம் வேறு ஊரில் என்றால் அக்கா செத்துப் பிழைப்பார். அதைவிட, வேறு ஊருக்குப் போய்விட்டால் தம்பி வருவதற்கு இருக்கும் கடைசி வாய்ப்பும் போய்விடும். இங்கே நடந்தால் பாலத்தில் நின்றாவது பார்ப்பேன் என்று அவர் சொல்லியிருந்தார்.

புதன்கிழமை உடுப்பை அளவு பார்க்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். அடுப்படியில் அக்கா வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தார். புதுச் சாமியாரும் வந்திருந்தார். சின்ன வயசு, துடிப்பு, ஊருக்கு வந்து மூன்று மாசம்தான் ஆகிறது.

"ஒரு பெரிய தார்ப்பாய் வாங்கிக் கூரை மேல போட்டுடலாம். ஒரு நாள் கூத்துதானே" என்றார் அவர்.

"போடலாம் ஃபாதர். யார் ஏறுவா?" என்றார் அக்கா.

"நானே ஏறுறேன்."

"நீங்க ஏறினா சூளை வீட்டுத் துண்டு உங்களுக்குச் சொந்தமாயிடும். பரவாயில்லையா?"

சாமியார் தேநீர் டம்ளரை எடுத்துக்கொண்டார். மகள் வெள்ளை உடுப்பில் குண்டூசியோடு ஸ்டூல் மேல் நின்றபடி, "தையல் அத்தை, இதே துணியில ஒரு குடையும் தெச்சுடுங்க. பிடிச்சுக்கிட்டே சம்மதம் சொல்லிடறேன்" என்றாள்.

"சிரிக்கிற விஷயமாடி இது?" என்றேன்.

"பின்னே என்ன பண்றது? அப்பா போய் ஒரு வார்த்தை கேட்டா முடிஞ்சுது. மாமா ஓடி வந்துடுவார்."

முற்றத்தில் நாற்காலியின் ஆடும் காலுக்கு அட்டை மடித்து முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்த உபதேசியாருக்குக் காது நன்றாகவே கேட்டது. "நான் போய் என்னன்னு கேக்கறது? உன் தலையில தண்ணி விழாம பாத்துக்கிட்டேனே, அது தப்புன்னா கேக்கறது?"

"ஆமாங்க" என்றார் அக்கா, கரண்டியை நிறுத்தாமல். "அதைத்தான் கேக்கணும்."

"எனக்கு வராது."

"பிள்ளைங்களுக்குச் சொல்லித் தர வருது. உங்களுக்கு வராதா?"

உபதேசியார் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். அது இன்னும் ஆடியது. எழுந்து வெளியே போய்விட்டார். அக்கா வெங்காயத்தைக் கருக விட்டுவிட்டார், எனக்குத் தெரிந்து முதல் தடவை.

வியாழக்கிழமை கடையைத் திறந்ததும் திறக்காததுமாக அக்கா வந்து நின்றார். "உன்கிட்ட ஆம்பிளைங்க பேண்ட் ஏதாவது இருக்கா?"

"எதுக்குக்கா?"

"ஏணி ஏறணும். இந்த உடுப்போட ஏறினா ஊரே சிரிக்கும்."

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. அக்கா சொன்னார்: "ராத்திரி பூரா யோசிச்சேன். கேளு. வீட்டு ஆளுதான் ஏறணும்னு சொல்லியிருக்கு. ஆம்பிளைதான் ஏறணும்னு யாராவது சொல்லியிருக்காங்களா?"

யோசித்துப் பார்த்தேன். யாரும் சொன்னதாக ஞாபகமில்லை. யாருக்கும் கேட்கத் தோன்றியதும் இல்லை.

"அது என் அப்பா வீட்டுக் கூரை. நான் அந்த வீட்டுல பொறந்தவ. சின்ன வயசுல அவன் ஓட்டை எண்ணி அடுக்கினான்னா, நான் தட்டிப் பாத்துப் பொறுக்கினேன். கட்டிக் குடுத்துட்டா நான் வேத்தாளா?"

"உங்க முழங்கால் என்னாகும்கா?"

"அது என் பிரச்சனை. பேண்ட் இருக்கா இல்லையா?"

தபால்காரர் கீழ் மடிப்புத் தைக்கக் கொடுத்த காக்கி பேண்ட் ஒன்று இருந்தது. தபால்காரர் நல்ல வாட்டசாட்டம். அக்காவுக்கு இடுப்பில் கச்சிதமாக இருந்தது, காலை மட்டும் இரண்டு மடிப்பு மடித்துவிட்டேன். தொழிலில் இப்படி ஒரு துரோகம் நான் செய்ததே கிடையாது. ஆனால் சொல்கிறேன், அன்றைக்கு அந்தப் பேண்டை மாட்டிக்கொண்டு அக்கா தெருவில் இறங்கி நடந்தபோது எனக்கு அப்படி ஒரு பெருமையாக இருந்தது.

அதற்குள் ஓடும் வந்து இறங்கிவிட்டது. விடியற்காலையிலேயே அக்கா சூளையில் வேலை பார்க்கும் வண்டிக்காரரிடம் "எங்க வீட்டுக்கு ஒரு லோடு" என்று சொல்லி வைத்திருக்கிறார். எந்த வீடு என்று அவரும் கேட்கவில்லை, அக்காவும் சொல்லவில்லை. உபதேசியாரும் சாமியாரும் நோயாளிகளுக்கு நற்கருணை கொடுக்கச் சைக்கிளில் போயிருந்தார்கள். ஏணியை மகளும் நானும் பிடித்துக்கொண்டோம். அக்கா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு முதல் படியில் காலை வைத்தார். ஏணி முனகியது. அக்காவும் முனகினார்.

மேலே போன பிறகு பார்க்க வேண்டுமே. கீழே நடக்கும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவர், உபதேசியார் துண்டின் மேல் சாக்கை விரித்து, அடியில் மரச்சட்டம் போகும் இடத்தைப் பார்த்துப் பார்த்து மிதித்து, சூளை வீட்டுத் துண்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். விரல் முட்டியால் ஒவ்வொரு ஓடாகத் தட்டினார். நல்ல ஓடு கிண்ணென்று சத்தம் கொடுக்கும். விரிசல் விட்டது டப்பென்று அடங்கிப்போகும். டப்பென்றதை எல்லாம் உருவி எடுத்து ஓரமாக வைத்தார். ஓட்டைத் தாங்கும் ரீப்பர் கட்டைகளில் உளுத்துப்போனதைப் பிடுங்கிப் போட்டு, புதுசை வைத்து ஆணி அடித்தார். ஓடுகளைக் கீழிருந்து மேலாக, ஒன்றின் வாயில் இன்னொன்றின் வால் உட்காரும்படி சொருகிக்கொண்டே போனார். நானும் மகளும் கூடையில் ஓடு வைத்துக் கயிற்றைக் கட்டினோம், அவர் இழுத்துக்கொண்டார்.

அரை மணி நேரத்தில் ஊர் கூடிவிட்டது. கொல்லர் பட்டறையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்தார். ரொட்டிக் கடைக்காரர் மாவுக் கையோடு வந்தார். தபால்காரரும் வந்தார், கண்ணைச் சுருக்கி மேலே பார்த்தார். "அது என் பேண்ட் மாதிரி இருக்கே?"

"மாதிரி எல்லாம் இல்ல, உங்களுதுதான். சாயங்காலம் தோச்சுத் தர்றேன், வாயை மூடிட்டு நில்லுங்க" என்றேன்.

யாரோ பாலத்துக்கு ஓடி ஆற்றைத் தாண்டிக் கத்தியிருக்கிறார்கள், "உங்க கூரையில ஆள் ஏறிடுச்சு!" என்று. யார் ஏறினார்கள் என்று சொல்லவில்லை போல. சூளைக்காரர் சாம்பல் அப்பிய கையும் காலுமாகச் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார். அத்தனை வருஷத்துக்கு அப்புறம் அவர் கோயில் வாசலுக்குள் வந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை. "எவன்டா அது என் கூரையில?" என்று கேட்டுக்கொண்டே நிமிர்ந்தார். மேலே காக்கி பேண்ட் திரும்பியது.

"நான்தான்டா" என்றார் அக்கா.

சூளைக்காரர் ஏணியடிக்கு ஓடினார். "அக்கா, இறங்கு. விழுந்து தொலைக்கப் போற!"

"வேலை முடியட்டும், இறங்கறேன்."

"யாரைக் கேட்டு ஏறின?"

"எங்கப்பாவைக் கேட்டு ஏறினேன்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சூளைக்காரர் திரும்பி முறைத்தார். பிறகு மறுபடியும் மேலே பார்த்தார். "மச்சான் ஒரு தடவை என்னைக் கொன்னாரு. இப்ப நீயுமா? நான் செத்துட்டேன்னு நீயும் முடிவு பண்ணிட்டியா?"

அக்கா சுத்தியலைக் கீழே வைத்தார். "நீ செத்துட்டன்னு ஏறலடா. நான் உசுரோட இருக்கேன்னு ஏறினேன். சூளை வீட்டுல இன்னும் ஒருத்தி இருக்கான்னு ஏறினேன். உனக்கு ரோஷம் இருந்தா நீயும் இருக்கேன்னு காட்டு. மேல வா. கை வலிக்குது எனக்கு."

அவ்வளவுதான். சூளைக்காரர் ஏணியில் ஏறிய வேகத்தில் நானும் மகளும் ஆடிப்போனோம். மேலே போனதும் அக்காவைப் பிடித்து உட்காரவைத்தார், அக்கா போட்டிருந்த ஓட்டைத் தட்டிப் பார்த்தார். "இங்க இடைவெளி விட்டுட்ட."

"நீ இத்தனை வருஷம் விட்டதைவிடக் கம்மிதான்."

"ரீப்பர் கோணலா இருக்கு."

"நிமித்து."

இப்படி ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கொண்டே இரண்டு பேரும் சின்னப்பிள்ளைகள் மாதிரி வேலை செய்தார்கள். கீழே ரொட்டிக் கடைக்காரர் எல்லாருக்கும் சூடாக ரொட்டி கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்துவிட்டார். யாரோ ஒரு அண்டா தேநீர் கொண்டுவந்தார்கள். வேலை நாளில் இப்படி ஒரு கூட்டத்தை நான் பார்த்ததில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் உபதேசியாரின் சைக்கிள் வந்தது, பின்னாலேயே சாமியாரின் சைக்கிள். உபதேசியார் கூரை மேல் மனைவியைப் பார்த்தார், மச்சினனைப் பார்த்தார், காக்கி பேண்டைப் பார்த்தார். சைக்கிளை ஸ்டாண்ட் போட மறந்து கையை விட்டுவிட்டார். அது கோணலாக விழுந்தது. அதை அவர் நிமிர்த்தவில்லை. அப்போதே எனக்கு ஏதோ நடக்கப்போகிறது என்று தெரிந்துவிட்டது.

"மாப்ள" என்றார் கீழேயிருந்து.

மேலே சுத்தியல் சத்தம் நின்றது.

"மாப்ள, அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னா, முதல்ல மழை..."

"பிரசங்கம் வேணாம் மச்சான். ஒரே வார்த்தை சொல்லுங்க."

"இல்ல, சூழ்நிலையைச் சொன்னாத்தானே புரியும்? பிள்ளைங்க எல்லாம் வெள்ளை உடுப்புல..."

உடைந்த ஓடு ஒன்று அக்கா கையிலிருந்து நழுவி உபதேசியார் காலுக்குப் பக்கத்தில் விழுந்து நொறுங்கியது. நழுவியதா, விட்டதா என்று நான் இன்று வரை அக்காவிடம் கேட்கவில்லை.

"தப்புதான்!" என்று கத்தினார் உபதேசியார்.

"சத்தமா சொல்லுங்க. சூளைச் சத்தத்துல எனக்கு ஒரு காது மந்தம்."

"தப்புதான் மாப்ள! ஏறினதுகூட இல்ல, உன்னைக் கேக்காம ஏறினது. நீ கேட்டப்ப சிரிச்சேன் பாரு, அதுவும். அதுதான் ரொம்பத் தப்பு. எனக்கு அன்னிக்கே தெரியும். வாய் வரல." பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது வரும் கணீர்க் குரல் எங்கே போனதோ.

சூளைக்காரர் ஓட்டின் மேல் குத்துக்காலிட்டு உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். சாம்பல் கண்ணெல்லாம் ஆகிவிட்டது. "நானும்தான். அன்னிக்கு ராத்திரியே யாராவது கூப்பிட வருவீங்கன்னு விளக்கை அணைக்காம உக்காந்திருந்தேன். அப்புறம் கோவத்தை எப்படி விடறதுன்னு தெரியல." மூக்கை உறிஞ்சினார். "சும்மா நிக்காதீங்க. ஓட்டை எடுத்துக் கூடையில வைங்க."

உபதேசியார் ஓடிப்போய் ஓடு அடுக்கினார். சாமியாரும் அங்கியை மடித்துச் சொருகிக்கொண்டு கயிறு இழுத்தார். பொழுது சாய்வதற்குள் வேலை முடிந்துவிட்டது. அக்காவை இறக்குவதுதான் பெரும்பாடாகிப்போனது. ஏறும்போது வராத பயம் இறங்கும்போது வந்துவிட்டது. தம்பி மேலேயிருந்து கையைப் பிடிக்க, கணவர் கீழேயிருந்து காலை ஒவ்வொரு படியாக எடுத்து வைக்க, மகள் "வலது கால்மா, உன் வலது கால்" என்று கத்த, ஒருவழியாகத் தரைக்கு வந்தார். வந்ததும் முதலில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் போடச் சொன்னார். "கல்யாணம் இங்கதான்னு சொல்லு. வேன் வேணாம்னு சொல்லு."

சனிக்கிழமை விடியும்போதே வானம் இருட்டிக்கொண்டு நின்றது. கோயில் நிறைந்து வழிந்தது. மாப்பிள்ளையின் அம்மா முன்வரிசையில் மடியில் குடையோடு உட்கார்ந்திருந்தார். இந்தப் பக்கம் முன்வரிசையில் அக்கா, பக்கத்தில் உபதேசியார், அவருக்குப் பக்கத்தில் சூளைக்காரர். தேய்த்துத் தேய்த்துக் குளித்தும் நகக்கண்ணில் சாம்பல் போகவில்லை. மகளை மாமனும் அப்பாவும் ஆளுக்கொரு கையைப் பிடித்து அழைத்து வந்தபோது நான் அழுதேன், ஒளிக்க ஒன்றுமில்லை. என் தையல் அன்றைக்கு அவ்வளவு அழகாக இருந்தது, அதுவும் ஒரு காரணம்.

பிரசங்கம் முடிந்து மாப்பிள்ளையும் பெண்ணும் படியில் போய் நின்றார்கள். சரியாக அப்போது கொட்ட ஆரம்பித்தது. ஓட்டின் மேல் மழை இரைந்தது. கோயிலில் ஒரு ஆள் மாப்பிள்ளையையும் பார்க்கவில்லை, பெண்ணையும் பார்க்கவில்லை. எல்லார் தலையும் மேலே. மாப்பிள்ளை மேலே பார்த்தான். பெண் மேலே பார்த்தாள். சாமியார் மேலே பார்த்துக்கொண்டே புத்தகத்தில் பக்கத்தைத் தவறவிட்டார். படியில் ஒரு பொட்டு விழவில்லை. மாப்பிள்ளையின் அம்மா மெதுவாகக் குடையை எடுத்து பெஞ்சுக்கடியில் தள்ளினார். அக்கா மட்டும் மேலே பார்க்கவில்லை, தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது சொட்டென்று ஒரு சத்தம். எல்லாருக்கும் திக்கென்றது. விழுந்தது படியில் இல்லை, முன்வரிசையில், உபதேசியாரின் வழுக்கையில். இத்தனை வருஷத்தில் அந்த மனுஷர் துண்டு ஒரு நாள் ஒழுகியதில்லை. வியாழக்கிழமை அக்காவும் தம்பியும் அதன் மேல் ஏறி மிதித்துத்தான் அடுத்த துண்டுக்குப் போயிருக்கிறார்கள், சாக்குப் போட்டும் ஒன்று விரிசல் விட்டிருக்கிறது. அடுத்த சொட்டு. உபதேசியார் அசையாமல் நிமிர்ந்தே இருந்தார்.

சூளைக்காரர் அவர் காதோரம் சாய்ந்தார். ரகசியமாகப் பேசுவதாக அவருக்கு நினைப்பு. சூளைக் காதுக்காரருக்கு ரகசியம் என்றால் ஊருக்கே கேட்கும்.

"மச்சான், உங்க கூரை ஒழுகுது."

"தெரியுது மாப்ள. பேசாம இரு."

சாமியார் ஒருவழியாகப் பக்கத்தைக் கண்டுபிடித்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பெண்ணைப் பார்த்து, இவரைக் கணவராக ஏற்றுக்கொள்ள உனக்குச் சம்மதமா என்று கேட்டார்.

பெண் பதில் சொல்வதற்குள் சூளைக்காரரின் குரல்: "நாங்க மிதிச்சு உடைஞ்சது. நாளைக்கு நானே ஏறி மாத்திடட்டுமா? உங்களைக் கேட்டுட்டுத்தான் ஏறுவேன். ஏறட்டுமா மச்சான்?"

உபதேசியார் திரும்பினார். எங்கே இருக்கிறோம் என்பதே அவருக்கு மறந்துபோய்விட்டது. வழுக்கையிலிருந்து தண்ணீர் மூக்கு வழியாக வழிந்துகொண்டிருக்க, மச்சினன் கையைப் பிடித்துக்கொண்டு, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற அதே கணீர்க் குரலில் சொன்னார்:

"சம்மதம்!"

கோயிலே வெடித்துச் சிரித்தது. சாமியார் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டார். மாப்பிள்ளையின் அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். என் துண்டுக்குக் கீழே உட்கார்ந்திருந்த ஆர்மோனியக்காரர் எதற்கோ ஒரு கட்டையை அமுக்கிவிட, அதுவும் சேர்ந்து கத்தியது. எல்லாம் ஓய்வதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. வெள்ளை உடுப்பில் நின்றவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாமனையும் அப்பாவையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, சாமியார் பக்கம் திரும்பினாள்.

"எனக்கும் சம்மதம் ஃபாதர்" என்றாள்.